ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையில் இருபது வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா. வீட்டிலும் தெருவிலும் பேச்சு தமிழ். ஆபீஸ் வேலை என்றால் சித்தூர், துணிமணி என்றால் பொள்ளாச்சி. கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அக்கா என்பார்கள், மீதிப்பேர் சேச்சி என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன். மெஷின் சூடாகிற வரைக்கும் யாரும் சும்மா நிற்பதில்லை. கண்ணில் பட்டதைக் கேட்பார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் திரையும், சுவரோரம் அடுக்கியிருக்கிற லாட்டரி ஆல்பங்களும்தான் அதிகம் கண்ணில் படுகிறவை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

திரையில் ஏதோ ஊர் தெரிகிறதே, அது என்ன?

அதன் பெயர் செகண்ட் லைஃப். லிண்டன் லேப் என்ற அமெரிக்கக் கம்பெனி 2003-இல் திறந்துவிட்ட இணைய உலகம். கணக்குத் தொடங்க காசு வேண்டாம். உள்ளே போனதும் உங்களுக்கென்று ஓர் உருவம் தருவார்கள். அதை அவதார் என்பார்கள், நம்முடைய அவதாரம்தான். 1986-இல் ஹேபிடாட் என்ற விளையாட்டைச் செய்தவர்கள் திரையில் நடமாடும் உருவத்துக்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். பிறகு வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த உருவத்தை நடக்க வைக்கலாம், பறக்க வைக்கலாம், எதிரில் வருகிறவரோடு பேசலாம். சூரியன் உதித்து, மறைந்து, மறுபடி உதிக்க நான்கு மணி நேரம்தான். மூன்று மணி நேரம் வெயில், ஒரு மணி நேரம் இருட்டு. மதிப்பெண் கிடையாது, வில்லன் கிடையாது, கடைசிக் கட்டம் என்று ஒன்றும் கிடையாது. அப்புறம் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். அங்கே இருக்கிற வீடு, மரம், நாற்காலி, செருப்பு எல்லாம் உள்ளே வருகிறவர்கள் செய்து வைத்தவை. பெட்டி, உருண்டை, உருளை என்று சில அடிப்படை வடிவங்கள் கொடுத்திருப்பார்கள். அதை இழுத்து, அறுத்து, ஒட்டி எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். என்னை இழுத்தது அதுதான்.

எப்போது இதில் மாட்டினீர்கள்?

2007-இல். அப்போது பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் ஒரு திட்டம் உண்டு: இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. கடையை மூடி, சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, நானும் கொஞ்சம் கண்ணயர்ந்து, 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பேன். நமக்கு நடுச்சாமம் 2 மணி என்றால் அமெரிக்க மேற்குக் கரையில், கோடை நேரத்தில், முந்தின நாள் மதியம் 1.30. சாப்பாட்டு இடைவேளைக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாம் அங்கே இருப்பார்கள்.

என் மாமியார் ஒரு நாள் விளக்கு வெளிச்சம் பார்த்து வந்து நின்றார். "ஏம்புள்ள, இந்நேரத்துல யாருகூடப் பேசிட்டிருக்கறே?" திரையில் நீலத் தலைமுடியோடு ஒரு நரி நின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு வேட்டி எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி விளக்குவது? "ஆர்டர் வந்திருக்குதுங்க அத்தை" என்றேன். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அங்கே நிலம் வாங்கினீர்களாமே?

வாங்கினேன். 512 சதுர மீட்டர். நம் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட. அந்த உலகத்தில் ஒரு முழு வட்டாரம் என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 16 ஏக்கர். அதில் என்னுடையது ஒரு மூலை. விலை ஆறாயிரம் லிண்டன் டாலர், அது அந்த உலகத்துக் காசு. அன்றைக்கு ஒரு லிண்டன் டாலர் 15 பைசா அளவில் இருந்தது, ஆகவே ஏறக்குறைய 900 ரூபாய். சொந்த நிலம் வைத்திருக்க மாதம் 9.95 அமெரிக்க டாலர் சந்தா வேறு, அது ஒரு 400 ரூபாய். என்னிடம் வெளிநாட்டுக்குச் செல்லும் கார்டு இல்லை. கோவையில் இருந்த தம்பியின் கார்டில் கட்டி, மாதாமாதம் அவனுக்குப் பணம் கொடுத்தேன். அவன் மனைவிக்கு இன்று வரை இது தெரியாது, இப்போது தெரிந்துவிடும்.

நிலத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைக் கட்டினேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுச் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. 512 சதுர மீட்டர் நிலத்தில் அன்றைக்கு மொத்தம் 117 துண்டுகள்தான் வைக்க முடிந்தது. ஒரு பெட்டி ஒரு துண்டு, ஓர் உருளை ஒரு துண்டு. திண்ணைத் தூண் நான்கு, போதிகை நான்கு, படி மூன்று. ஓடு ஒவ்வொன்றாக வைத்தால் கூரை ஒரு பக்கமே 117-ஐத் தின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டுக் கூரை மேல் ஏணி வைத்து ஏறி, டிஜிட்டல் கேமராவில் ஓட்டைப் படம் எடுத்தேன். ஒரு படம் ஏற்ற பத்து லிண்டன் டாலர், ஒன்றரை ரூபாய். ஒரே ஒரு தட்டையான பலகையைச் சாய்த்து அதன் மேல் அந்தப் படத்தை விரித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஓடு. கிட்டே போனால் வால்போஸ்டர். பாசி பிடித்த ஓட்டையும் உடைந்த ஓட்டையும் விடாமல் படம் எடுத்திருந்ததால் பார்க்க உண்மை மாதிரி இருந்தது. முற்றத்தில் துளசி மாடம் வைக்கும்போது கணக்கு 116. மீதி ஒரு துண்டில் என்ன வைப்பது என்று இரண்டு ராத்திரி யோசித்து ஒரு செம்பு வைத்தேன்.

இல்லாத நிலத்துக்குக் காசு கொடுப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி இது. அப்போது நான் சொன்னது: நீங்கள் பொள்ளாச்சி போய் படம் பார்த்து, பரோட்டா சாப்பிட்டு வந்தால் மறுநாள் கையில் என்ன இருக்கிறது? மாதம் 400 ரூபாய்க்கு நான் முப்பது ராத்திரி சந்தோஷமாக இருந்தேன். அந்தக் கணக்கு இன்றும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. அங்கே எதையும் "வாங்கினேன்" என்று சொல்வது பாதி உண்மைதான். ஒவ்வொரு பொருளிலும் மூன்று அனுமதி குறித்திருக்கும்: நகல் எடுக்கலாமா, மாற்றலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. நிறைய பொருளில் மூன்றாவது இருக்காது. காசு கொடுத்து வாங்கிய பட்டுச் சேலையைப் பழகிய பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. 2009-இல் பிள்ளைகள் படிப்புச் செலவு ஏற, சந்தாவை நிறுத்தினேன். நிலம் போயிற்று. வீடு மொத்தமும் சுருண்டு, என் கணக்கில் "லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" என்ற ஃபோல்டருக்குள் வந்து விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்ட குடை மாதிரி ஒரு வீடு.

இன்று போனில் காசு கொடுத்து எடுக்கிற படம், மின்நூல் எல்லாமே இந்த வகைதான். கடைக்காரன் இருக்கிற வரைக்கும், அவன் விதி மாறாத வரைக்கும் நமது.

காசு சம்பாதிக்க முடியுமா?

சிலருக்கு முடிந்தது. ஆன்ஷி சங் என்ற பெயரில் உலவிய ஒருவர் அங்கே நிலம் வாங்கி விற்றே பெரிய ஆளாகி, 2006 மே மாதம் பிசினஸ்வீக் பத்திரிகையின் அட்டையில் வந்தார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கக் கூட்டம் ஓடியது. ஸ்வீடன் 2007-இல் அங்கே தூதரகமே திறந்தது.

கூட்டம் வந்தால் கூடவே வருகிறவர்களும் வந்தார்கள். ஜின்கோ என்று ஒரு "வங்கி" அதிக வட்டி தருகிறேன் என்று வசூலித்து 2007-இல் மூழ்கியது. 2008 ஜனவரியில், அரசு அனுமதி இல்லாமல் யாரும் அங்கே வட்டி தருகிறேன் என்று பணம் வசூலிக்கக் கூடாது என்று கம்பெனி தடை போட்டது. நம் ஊரில் சீட்டுக் கம்பெனி ஓடிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

நான்? தென்னங்குருத்துத் தோரணம் செய்து ஒன்று 20 லிண்டன் டாலருக்கு விற்றேன். இரண்டு வருடத்தில் படம் ஏற்றிய காசு திரும்ப வந்தது. கரண்டு காசு வரவில்லை.

பின்னே ஏன் விட்டீர்கள்? படிப்புச் செலவு மட்டும்தானா?

இதைப் பொதுவாகச் சொல்வதில்லை. வீடு கட்டி முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 117 துண்டும் நிறைந்துவிட்டது. சரி, உடை மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு கடைக்குள் போனேன். அங்கே கடை என்றால் ஊர் அளவுக்கு இருக்கும். ஒரு செருப்பு 50 லிண்டன் டாலர், ஒரு வளையல் 30. பைசாக் கணக்குதானே என்று வாங்கினேன். பிறகு தினமும் 2 மணிக்கு எழுந்து நேராகக் கடைக்கே போக ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு நாள் என் மூட்டையைத் திறந்து எண்ணினால் 43 ஜோடிச் செருப்பு. என் அவதார் திண்ணையில் எப்போதும் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் அதைச் செய்திருந்தேன்.

தூக்கத்தை விட்டு எழுந்து செருப்புக் கடையில் நிற்கிறேன் என்று உறைத்தது அப்போதுதான். கடைத்தெருவுக்குப் போக ராத்திரி அலாரம் எதற்கு? அதற்குப் பிறகு எந்தப் பொழுதுபோக்கைப் பார்த்தாலும், என்னுடையதானாலும் பிறருடையதானாலும், எனக்கு முதலில் தோன்றுவது இந்த 43 ஜோடிதான்.

லாட்டரி டிக்கெட் சேர்க்கிறீர்களே, விழுந்ததா?

விழாத டிக்கெட்டுகளைத்தான் சேர்க்கிறேன். விழுந்த டிக்கெட்டை யார் தருவார்கள்?

நான் லாட்டரி எடுப்பதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடுத்துக் கெட்ட வீடுகள் இந்த எல்லை முழுக்க இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதிலிருந்து வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லைத் தாண்டும் இடமெல்லாம் டிக்கெட் மேசைதான். அந்தப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து எடுத்துப் போகிறவர்கள்தான் கூட்டம். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி முதல் பரிசு விழுந்தது வாளையாறில் டிக்கெட் எடுத்த நான்கு தமிழ்நாட்டுக்காரர்களுக்கு. அதிலிருந்து இன்னும் கூட்டம்.

மதியம் 3 மணிக்குக் குலுக்கல். நாலரைக்கு டிக்கெட் கடைப் பக்கம் போனால் தரையெல்லாம் காகிதம். காலையில் ஒருவர் சட்டைப் பையில் பத்திரமாக மடித்து வைத்திருந்தது, சாயங்காலம் செருப்புக்கு அடியில். பத்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், பளபளக்கும் வண்ணம். பின்பக்கம் யாரோ பால் பேனாவில் "கிணறு, மோட்டார், பாப்பா காது" என்று எழுதியிருந்தார். பரிசு விழுந்தால் செய்யவேண்டியவற்றின் பட்டியல். அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் முதல் டிக்கெட்.

இப்போது என்னிடம் ஆயிரத்துச் சொச்சம் இருக்கிறது. பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால்தான் எடுப்பேன். போன் நம்பர் இருந்தால் எடுக்க மாட்டேன். கணக்குப் போட்டிருப்பார்கள், மளிகைச் சாமான் எழுதியிருப்பார்கள், ஒரு குழந்தை யானை வரைந்திருந்தது. தமிழும் மலையாளமும் பாதிக்குப் பாதி. ஒரு டிக்கெட்டில் மொத்தக் கடனையும் எழுதிக் கூட்டி, கூட்டலில் நூறு ரூபாய் தப்பாக இருந்தது.

அந்த ஆல்பத்தில் முதல் பக்கம் மட்டும் ஏன் கருத்திருக்கிறது?

லேமினேஷன் மெஷின் கையில் இருக்கிறவள் என்ன செய்வாள்? முதல் முப்பது டிக்கெட்டையும் சூட்டில் போட்டு லேமினேட் செய்தேன். அழகாகத்தான் இருந்தது. இரண்டு கோடை தாண்டியதும் பால் பேனா மை கசிந்து, காகிதம் கருத்து, உள்ளேயே சிறைப்பட்டுவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதமும் சேர்ந்து உரியும். நாணயமோ தபால் தலையோ தீப்பெட்டிப் படமோ எதைச் சேர்த்தாலும், திரும்பிப் பிரிக்க முடியாத எதையும் அதன் மேல் செய்யாதீர்கள். பசை வேண்டாம், செலோ டேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். இதைச் சொல்வதால் எனக்குத்தான் வியாபார நஷ்டம்.

பழைய டிக்கெட் ஒன்று என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா?

இல்லை. ஒரு தடவை வாங்கப் போய் மாட்டினேன். கேரள லாட்டரித் துறை 1967-இல் தொடங்கியது; முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அந்த முதல் டிக்கெட் என்று சொல்லி ஒருவர் கொண்டுவந்தார். கை பரபரத்தது. 1,500 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிகிறது, கலர் பிரிண்டர் துப்பிய மை. ஜெராக்ஸ் கடைக்காரிக்கே ஜெராக்ஸ்! கோபத்தை விட வெட்கம்தான் அதிகம். செருப்புக் கடையில் நின்ற அதே காலோடு இங்கேயும் நின்றிருக்கிறேன். தரையில் பொறுக்குவது என்று வைத்த விதியை மீறிய அன்றைக்கே ஏமாந்தேன்.

புதிதாக ஏதாவது பழகலாம் என்று இருக்கிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். மூன்று மாதம் இருப்பதை வைத்துச் செய்யுங்கள்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் கடுகடுப்பாகப் பதில் சொல்வதாக மகள் சொல்கிறாள். ஆனால் நான் பார்த்தது அப்படி. மாடித் தோட்டம் என்று ஆரம்பிக்கிறவர் முதலில் வாங்குவது கையுறை, பூவாளி, ஐந்து வகைக் கத்தரி, தேங்காய் நார்க் கட்டி. தேங்காய் நார்! தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் வந்த நார்க் கட்டியை ஆன்லைனில் வாங்கியவரை எனக்குத் தெரியும். ரசீதுக்கு நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். விதை போட மறந்துவிட்டார்.

பொருள் வாங்கும்போதே அந்தக் காரியத்தைப் பாதி செய்துவிட்ட மாதிரி மனசுக்கு ஒரு நிறைவு வந்துவிடுகிறது. படம் வரைபவன் பென்சில் தேய்ந்தபின் வாங்கட்டும். பூங்குழலி மாதிரி ஒரு பூனை வேண்டும் என்றால், அதாவது எங்கள் கடைப் பூனை மாதிரி, அதற்கு மீன் தலை போதும்.

பையன் போனில் சுட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன செய்வது?

அம்மாக்கள் கேட்பது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் அதே விளையாட்டு பி.ஜி.எம்.ஐ. என்று வேறு பெயரில் வந்தது. ஆகவே தடையை நம்பி உட்கார முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த இணைய விளையாட்டுச் சட்டம் வேறு விஷயம். அது ரம்மி மாதிரி காசு கட்டி, காசு ஜெயிக்கிற ஆட்டங்களைத் தடை செய்தது. துப்பாக்கி விளையாட்டு அதில் வராது.

விளையாடுகிற நேரத்தை விட, அவன் எதற்குக் காசு கேட்கிறான் என்று பாருங்கள். துப்பாக்கிக்கு வண்ணம், சட்டைக்கு வண்ணம், அதை "ஸ்கின்" என்பார்கள். சும்மா நிறம்தான். நேராக ரூபாயில் விலை போடமாட்டார்கள். முதலில் ரூபாய் கொடுத்து அவர்களுடைய நாணயம் வாங்கவேண்டும், அந்த நாணயத்தில்தான் விலை. 15 பைசா என்று நான் நினைத்து 43 ஜோடி வாங்கின கதைதான். ஒரு பையனை உட்கார வைத்து, வாங்கியதையெல்லாம் ரூபாயில் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். 2,340 வந்தது. திட்டவில்லை. அவனே தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

மைன்கிராஃப்ட் விளையாடுகிற பையன் என்றால் கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள். அதில் கட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு பட்சபாதம்.

தோப்பை வைத்துக்கொண்டு போனில் விவசாயம் பார்க்கிறார்களே?

அதை முதலில் செய்தது என் மாமனார். ஃபார்ம்வில் என்று ஃபேஸ்புக்கில் 2009-இல் ஒரு விளையாட்டு வந்தது. ஸ்ட்ராபெரி நட்டால் நான்கு மணி நேரத்தில் விளைந்துவிடும். நேரத்துக்குப் பறிக்காவிட்டால் வாடிவிடும். எழுபது வயதில், கடைக்கு வந்து, "ஸ்ட்ராபெரி ஆகியிருக்குமா அம்மிணி?" என்பார். எங்கள் பக்கம் விவசாயிக்கு ஆளியாறு தண்ணீர்தான் உயிர். தமிழ்நாட்டோடு உள்ள ஒப்பந்தப்படி சித்தூருக்கு வருடம் 7.25 டி.எம்.சி. வரவேண்டும், வருமா வராதா என்று வருடாவருடம் பார்த்து நின்ற மனிதர். "இங்க தண்ணிக்குக் கையேந்த வேண்டியதில்ல பாரு" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அந்த விளையாட்டை மூடினார்கள். அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டால் நம் ஊருக்கு ஒழுங்காக வருமா?

வரும். முகவரியில் தமிழ்நாடு என்று தப்பாகப் போடாதீர்கள்; பேசுவது தமிழானாலும் பின்கோடு 678-இல் ஆரம்பிக்கிறது. பொள்ளாச்சி 642. டெலிவரிப் பையன் மலையாளத்தில் கூப்பிடுவான், தமிழில் பதில் சொன்னால் புரிந்துகொள்வான். ஜி.எஸ்.டி. வந்து, 2017 ஜூலையோடு வாளையாறில் வரிக்காக லாரிகள் வரிசை கட்டி நிற்பது நின்றது, அதிலிருந்து பரவாயில்லை.

பொருள் மாறி வந்தால் யாரிடம் போவது?

போன வருடம் பிரிண்டருக்கு ஒரு டோனர், அதாவது மைத்தூள் பெட்டி, வாங்கினேன். கோவையில் இருந்த விற்பனையாளர். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆன்லைனில் 300 ரூபாய் குறைவு என்று அங்கே போட்டேன். வந்தது எடை இல்லாத பெட்டி. உலுக்கினால் ஓசை. உள்ளே தீர்ந்துபோன பழைய கார்ட்ரிட்ஜ், கழுத்தில் யாரோ கட்டின ரப்பர் பேண்டோடு. திருப்பி எடுக்கச் சொன்னால் "படம் தெளிவில்லை" என்று மூன்று தடவை மறுத்தார்கள்.

செய்தது இது. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தேன், லேபிள் தெரிகிற மாதிரி. 2020-இல் வந்த மின்வணிக விதிப்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அலுவலர் பெயரைப் போட்டிருக்கவேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அந்த அலுவலருக்கு எழுதி, கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். பதினோராவது நாள் பணம் வந்தது. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம், எனக்கு அது பாலக்காடு. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. புகாரை டைப் செய்து தர நான் பக்கத்துக்கு 30 ரூபாய் வாங்குகிறேன்.

மிச்சம் பிடித்த 300 ரூபாய்க்குப் பதினோரு நாள் கடையில் பிரிண்ட் இல்லை.

"இரண்டே இரண்டுதான் பாக்கி" என்று போடுகிறார்களே, நிஜமா?

சில சமயம் நிஜம், நிறைய சமயம் அவசரப்படுத்துவது. 2023 நவம்பரில் மத்திய அரசு இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. பொய் அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்றால் "எனக்குச் சேமிக்க விருப்பமில்லை" என்று நம்மையே அழுத்த வைத்து வெட்கப்படுத்துவது, சேருவது சுலபம் விலகுவது கஷ்டம் என்கிற சந்தா, எல்லாம் அதில் உண்டு. பட்டியல் வந்ததால் தந்திரம் ஒழிந்துவிடவில்லை. நான் கூடையில் போட்டுவிட்டு ஒரு ராத்திரி தூங்குவேன். காலையில் பாதியை எடுத்துவிடுவேன். வேலந்தாவளம் சந்தையில் கத்தரிக்காய்க்காரர் "கடேசிக் கூடைங்க" என்று கூவுவதை நாம் நம்பியா வாங்குகிறோம்?

செகண்ட் லைஃபில் பழகினவர்கள் நிஜ சிநேகிதர்களா?

அந்த நீலமுடி நரியோடு பதினேழு வருடமாகத் தொடர்பு இருக்கிறது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. தாதியாக வேலை பார்ப்பவர், ராத்திரி டியூட்டி, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இதெல்லாம் தெரியும். என் மாமியார் இறந்தபோது, "உனக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று நீ சொன்ன அந்த அம்மாவா?" என்று கேட்டு எழுதினார். பக்கத்துக் கடைக்காரர் துக்கம் கேட்டதோடு அந்த மாத வாடகைப் பாக்கியையும் கேட்டார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்தான்.

இன்னும் அங்கே போகிறீர்களா?

சனிக்கிழமை மதியம், கூட்டம் இல்லாதபோது. நிலம் கிடையாது. யார் வேண்டுமானாலும் கட்டிப் பழகப் பொது மணல்திடல்கள் இருக்கின்றன. வைத்ததைச் சில மணி நேரத்தில் துடைத்துவிடுவார்கள். போன வாரம் ஃபோல்டரிலிருந்து வீட்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். கூரை முதலில் வந்தது, தூண் பிறகு. அந்தச் செம்பு மட்டும் மண்ணுக்குள் பாதி புதைந்து வந்தது. அதை மேலே இழுத்து வைப்பதற்குள் ஒருவர் வந்து ஆதார் கார்டை நீட்டினார்.

ஜெராக்ஸ் எவ்வளவு?

ஒரு பக்கம் 2 ரூபாய், கலர் 10. ஆதார் என்றால் முன்னும் பின்னும் ஒரே தாளில் எடுத்துத் தருவேன், 3 ரூபாய். சில்லறை கொண்டுவாருங்கள்.